தறி ஓடாத மதியம்

"அப்படியே நில்லுங்க! பாவுல கால வெச்சீங்கன்னா அவ்ளோதான்!"

வாசலில், தரையில் நீளமாய் விரித்திருந்த பாவு நூலுக்கு முன்னால், நனைந்து நின்றவன் தூக்கிய காலைத் தூக்கியபடியே நின்றான். கார்த்திகை மழை திருத்தணி மலையை முழுசாக விழுங்கியிருந்தது, கோபுரம்கூடத் தெரியவில்லை. அவன் இமையிலிருந்து ஒரு சொட்டு... கன்னத்தில் இறங்கி, தாடிக்குள் போய் ஒளிந்தது.

தமயந்தி அதைப் பார்த்தாள். பார்த்ததற்காகவே இன்னும் கோபம் வந்தது.

"எவ்ளோ நேரங்க இப்படியே நிக்கறது? நான் நெட்காரன். கொக்கு இல்ல."

"நேத்தே வரேன்னீங்களே?"

"நேத்து மழைங்க."

"இன்னிக்கு இன்னா, வெயில் கொளுத்துதா?"

சிரித்துவிட்டான். அரக்கோணம் ரோட்டில் நெட் கனெக்‌ஷன் கடை வைத்திருப்பவன். பெயர் உபைத். பாழாய்ப்போன கண்கள்... அவை முதலில் சிரித்து, பிறகுதான் உதடு சிரித்தது.

வீட்டின் முன்கூடத்தில் ரவுட்டர். நடுவில் அவள் அப்பா, நைனாவின் நாலு விசைத்தறி. அதற்கும் பின்னால் தமயந்தியின் அறை. கதவைச் சாத்தினால் பேச்சு காதில் விழும் இடம் அந்த வீட்டிலேயே அது ஒன்றுதான். ஆனால் கருங்கல் சுவரைத் தாண்டி வைஃபை வராது. மலை மறைப்பதால் செல் சிக்னலும் எட்டாது. தறிக்கூடத்துக்குள் ஒயர் இழுக்க நைனா விடமாட்டார்.

மறுநாள் காலை சென்னை கம்பெனி ஒன்றின் கடைசி இன்டர்வியூ. அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள். வாங்கி என்ன? போன இடமெல்லாம் கையை விரித்தார்கள். 'இதுவும் போச்சுன்னா பொதட்டூர்பேட்டை பாவாவ கட்டிக்க' என்று நைனா முடித்துவிட்டார். அத்தை மகன் பாவா நல்லவன்தான். அதற்காக, இந்த வீட்டில் சுற்றிய நூலை ஆயுசுக்கும் இன்னொரு வீட்டில் போய்ச் சுற்றுவதா?

உபைத் இரண்டு வெள்ளைப் பெட்டிகளை எடுத்தான். ஒன்றை ரவுட்டர் பக்கத்து பிளக்கில் செருகினான். இன்னொன்றை அவள் அறையில், கதவோரம்.

"சுவத்துக்குள்ள ஓடற கரண்ட் ஒயர்லயே நெட்டும் ஓடியாந்துடும். இந்தப் பெட்டி அத்த வாங்கி உங்களுக்கு வைஃபையா குடுக்கும்."

"ரெண்டும் ஒரே ஒயர்லயா? அடிச்சிக்காதா?"

"நீங்களும் நானும் ஒரே ரூம்ல பேசிகினு இல்ல?"

"அடிச்சிக்கினுதான இருக்கோம்."

பச்சை விளக்கு எரிந்தது. போனில் வீடியோ தண்ணீராய் ஓடியது. அவள் முகம் மலர்ந்ததை அவன் பார்த்துக்கொண்டே நின்றான்... நிற்கவேண்டிய நேரத்துக்கும் கொஞ்சம் கூடுதலாகவே.

மறுநாள் இன்டர்வியூவில் முதல் கேள்விக்கு வாயைத் திறந்தாள். திரையில் அவள் முகம் அப்படியே உறைந்தது, பாதி திறந்த வாயோடு. பெட்டியில் சிவப்பு விளக்கு. பிடுங்கிச் செருகினாள். அடித்துப் பார்த்தாள். கும்பிட்டும் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

தறி ஓடும்போது அந்த வீட்டில் யாரும் கத்தமாட்டார்கள், உதட்டசைவிலேயே பேசிக்கொள்வார்கள். வெளியே வந்தவளை நாலு தறிக்கு அப்பாலிருந்து பார்த்து, நைனா உதட்டை மட்டும் அசைத்தார்.

'போச்சா?'

தலையாட்டினாள்.

'அத்தைக்குச் சொல்லிடறேன்.'

அவ்வளவுதான். ஒரு வாழ்க்கை முடிவதற்குச் சத்தம்கூடத் தேவைப்படவில்லை.

முன்கூடத்துக்கு ஓடி உபைத்துக்குப் போன் போட்டுக் கிழித்தாள். மழையிலேயே வந்தான். இந்த முறை பாவைச் சுற்றி வந்தான். அவள் அறை வாசலில் நின்று சிவப்பு விளக்கைப் பார்த்தான், அதிர்ந்து ஓடும் தறிகளைப் பார்த்தான். முகம் வெளுத்தது. அவள் காதருகே குனிந்தான்.

"நேத்து இன்னாங்க நாளு?"

அமாவாசை.

அமாவாசைக்கு அவர்கள் தறி ஓட்டமாட்டார்கள். நைனா மலைக் கோயிலுக்குப் போயிருந்தார். மோட்டார்கள் அடங்கிக் கிடந்த ஒயரில்தான் நேற்று எல்லாம் ஓடியது. இன்று நாலு மோட்டாரும் அதே ஒயரில் மின் இரைச்சலைக் கொட்டி நெட்டை மூழ்கடித்துக்கொண்டிருந்தன.

"நெசவு ஊட்டுக்குப் போனா மொதல்ல தறிய ஓட்டச் சொல்லித்தான் பாப்பேன். நேத்து... கேக்கவே தோணலிங்க."

அவள் நின்றாள். அவன் வெளியாள். அவள்? தொட்டிலிலேயே தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவள். அது ஒரு மதியம் முழுக்க இல்லாமல் இருந்தது, அவளுக்கு உறைக்கவேயில்லை. ஏன்?

ஏனென்று தெரிந்ததும் சிரிப்பு வரவில்லை. அழுகைதான் வந்தது. வேலை போயிற்று. அவனோ உபைத், அவன் பெயரைச் சொன்னாலே இந்த வீடு பற்றியெரியும். இனி எதை மிச்சம் வைக்க?

நைனா அறுந்த இழையை முடியக் குனிந்திருந்தார். தறிச் சத்தத்தில் இடியே கேட்காது.

"நீங்க இருந்தீங்க. அதான் எனக்குத் தறி நின்னது தெரியல."

"இன்னாங்க?"

"உங்களையே பாத்துகினு இருந்தேன்!"

"கேக்கலிங்க..."

எரிச்சலில், ஒவ்வொரு சொல்லாக, வாயை அகலமாகத் திறந்து, தறிக்காரர்கள் பேசுவதைப்போல் நிதானமாகச் சொன்னாள். "உன்னை... எனக்கு... புடிச்சிருக்கு."

அவன் கண்கள் புரிந்துகொண்டன. நிரம்பின.

ஆனால் அந்தக் கண்கள் அவளைத் தாண்டி எதையோ பார்த்தன. திரும்பினாள்.

நைனா நிமிர்ந்திருந்தார். அவருக்குக் காது தேவையில்லை.

ஒரு தறி நின்றது. இரண்டாவது. மூன்றாவது. நாலாவதையும் அவர் நிறுத்தியபோது, மழை மட்டும் கூரையில் கேட்டது.

கதவோரப் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. அவள் போன் சிணுங்கியது. கம்பெனியின் மெயில். 'வருந்துகிறோம்...' மீதியை அவள் படிக்கவில்லை.

"இன்னா சொன்ன அவன்கிட்ட?" நைனா கடைசித் தறியை விட்டு இரண்டடி முன்னால் வந்தார்.

'ஒண்ணும் இல்ல நைனா' என்று சொல்லலாம். சொன்னால் தறி மறுபடி ஓடும். தை மாதம் பாவா வருவான்.

உபைத் பெட்டியைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னான். "தறி நின்னது மட்டும் இல்லிங்க... நேத்து உங்களப் பாத்துகினு எனக்கும் வேற எதுவுமே தெரியல."

தமயந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தறி ஓடாத அந்த வீட்டில், தெரு முனைக்கே கேட்கும்படி சொன்னாள்.

"இவர எனக்குப் புடிச்சிருக்கு நைனா."