லாக் ரிங்

தம்பி செத்த பிறகு அன்றைக்குத்தான் அண்ணன் மறுபடி அந்த டயர் கடைக்குள் கால் வைத்தான். மழை இருட்டு. மதியத்திலேயே விளக்குப் போட வேண்டியிருந்தது. போடலாமென்றால் கரண்ட் இல்லை. ரப்பர் வாடையும் கிரீஸ் வாடையும் வழக்கம்போல முகத்தில் அறைந்தன.

மூலையில் இரும்புக் கூண்டு நின்றது.

தம்பி செத்த அன்றைக்கு அது அங்கே இல்லை. லாரி டயரைச் சக்கரத்தோடு பூட்டிப் பிடிப்பது லாக் ரிங் என்ற இரும்பு வளையம். அது சரியாக உட்காராமல் காற்று ஏறினால் பிய்த்துக்கொண்டு பறக்கும். அதைத் தடுக்கத்தான் கூண்டு. கஸ்டமருக்கு ஏசி ரூம் கட்டுகிறேன் பேர்வழி என்று, இருந்த கூண்டைப் பழைய இரும்புக்குப் போட்ட மகராசன் இந்த முதலாளி. கூண்டில்லாமல் குந்தி உட்கார்ந்து, காற்று ஏற ஏறச் சுத்தியலால் ரிங்கைத் தட்டிப் பார்த்த தம்பியின் முகத்தை அம்மாவுக்குக்கூடக் காட்டவில்லை.

"இது எப்ப வந்துச்சு முதலாளி?"

"எப்பவும் இங்கதானப்பா இருந்துச்சு." முதலாளி பல்லைக் காட்டினார். "நாளைக்கு விசாரணைக்கு ஆபீசர் வர்றாரு. கூண்டு இருந்துச்சு, தம்பிதான் அவசரத்துல வெளிய வச்சு காத்தடிச்சுட்டான்னு ஒரு வார்த்தை சொல்லிடு."

"காத்து ஏறும்போதே தட்டு, நேரம் மிச்சம்னு அவனை விரட்டினது யாரு?"

"குரலை உசத்தாத. போனவன் போயிட்டான்."

கொன்றதும் போதாதென்று பழியையும் செத்தவன் தலையிலேயே கட்டுகிறான் மனுஷன்! அண்ணன் முதலாளியை நோக்கி ஓரடி எடுத்து வைத்தான்.

டொக்.

இருவரும் திரும்பினார்கள். ஆபீசர் பார்வைக்கென்று முதலாளி கூண்டுக்குள் ஒரு லாரிச் சக்கரத்தை நிறுத்தியிருந்தார். அதிலிருந்துதான் வந்தது.

டொக். டொக்.

"யாருப்பா தட்டுறது?" முதலாளி கிசுகிசுத்தார்.

"அவன்தான். ரிங் உக்காந்துடுச்சான்னு பாக்குறான்."

காற்றுக் குழாய் ஆணியில் சும்மா தொங்கியது. கம்ப்ரஸர் ஓடவில்லை. ஆனாலும் உஸ்ஸென்று ஒரு சத்தம். தொய்ந்திருந்த டயர் மெல்ல விறைக்கத் தொடங்கியது.

முதலாளி விழுந்தடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். மழையில் நின்ற தன் காருக்குள் புகுந்து கதவை அடைத்துக்கொண்டார்.

டொக்.

இப்போது காரின் முன் சக்கரத்தில்.

அடுத்த சக்கரத்தில். பிறகு பின்னால். சத்தம் நிதானமாகக் காரைச் சுற்றி வந்தது. அது தொட்ட டயரெல்லாம் உப்பிக்கொண்டே போயிற்று. சாவியைத் திருகித் திருகிப் பார்த்தார், வண்டி கிளம்பவில்லை. காலைக் கீழே வைக்கவும் துணிச்சல் வரவில்லை.

அண்ணன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். இறங்கி ஓடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல அவனுக்கு மனமில்லை.

முதலாளி கண்ணாடியை விரலளவு இறக்கினார். "கூண்டு இல்லப்பா! நான்தான் வித்தேன்! ஒத்துக்கிறேன், போதுமா?"

"என்கிட்ட ஏன் சொல்றீங்க? அவன்கிட்ட சொல்லுங்க."

"தம்பி... தப்பு என் மேலதான்டா. உன் மேல இல்ல."

சத்தம் நின்றது.

மழை மட்டும் பெய்தது. முதலாளி முகத்தைத் துடைத்துக்கொண்டார். மூச்சு சீரானது. போன தைரியம் மெல்லத் திரும்பி வந்தது. கூடவே பழைய இளிப்பும்.

"ஆபீசர்கிட்ட மட்டும் இதெல்லாம் வேணாம்ப்பா. நமக்குள்ள பேசி முடிச்சுக்கலாம்."

அண்ணனின் பார்வை காரின் பின்பக்கம் போயிற்று.

முதலாளியின் முதுகுக்குப் பின்னால், பூட்டியிருந்த டிக்கிக்குள் கிடந்த ஸ்டெப்னியை யாரோ தட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள்.