கழிமுகத்து மட்டி

உதட்டில் எறும்பு ஊர்வதுபோல இருந்தது. மகா புறங்கையால் துடைத்துப் பார்த்தாள். எறும்பு இல்லை.

ஆஸ்டின் டவுனில் அப்போதுதான் விளக்கு வைக்கும் நேரம். மட்டிச் சிப்பிக் குழம்பின் தேங்காய் வாசனை ஈர மண் வாசனையோடு கலந்து வீடெங்கும் நின்றது. மாடிவீட்டுக் குக்கர் சீறி அடங்க, தெருவில் ஆட்டோ ஒன்று இருமிக்கொண்டே போயிற்று. கடலோரத்துச் சொந்த ஊருக்குப் போய்வந்த ஸ்ரீஹர்ஷா, அவளுடைய கன்னடக்கார ஆபீஸ் நண்பன், காலையில் ஐஸ் பெட்டியில் கொண்டுவந்து கொடுத்த மட்டி. பசி தாங்காமல் அவள் முதலில் சாப்பிட்டுவிட்டிருந்தாள்.

விரல்நுனிகளும் மரத்தபோது அவனைப் போனில் கூப்பிட்டாள்.

"ஹர்ஷா, மட்டி எங்க எடுத்தது?"

"நம்ம ஊரு கழிமுகத்துல. யாக்கே, எதுக்குக் கேக்கற?"

"தண்ணி என்ன கலர்ல இருந்துச்சு?"

"ஸ்வல்ப, கொஞ்சமா செவப்பா. மழைத் தண்ணின்னு நெனச்சேன்."

கடலைப் பார்ப்பதுதான் மகாவின் வேலை. செயற்கைக்கோள் படங்களில் அதன் சூட்டைக் கவனிப்பாள். இந்த வருடம் கடல் வழக்கத்தைவிடக் கொதித்தது. பெருமழை வயல் உரத்தையெல்லாம் ஆற்றோடு கழிமுகத்தில் கொண்டுபோய்க் கொட்டியது. பிறகு காற்று ஓய்ந்து தண்ணீர் அசையாமல் கிடந்தது. அந்தச் சூட்டில், அந்த உரத்தில், விஷப்பாசி பெருகும். மட்டி அதைத் தின்று உடம்பில் சேர்த்துவைக்கும். நரம்பை மரக்கவைக்கும் அந்த விஷம் எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது. அந்தக் கரையோரம் கருஞ்சிவப்பாய்ப் படர்ந்ததைப் போன வாரம் திரையில் அவளே பார்த்தாள். மட்டி எந்த ஊரென்று கேட்கத்தான் தோன்றவில்லை.

"ஹர்ஷா, ஆம்புலன்..." நாக்கு தடித்துப் புரண்டது.

"மெட்ரோ டனலுக்குள்ள போகுது, மகா. கேக்கல. அப்புறம் பண்றேன்."

போன் நழுவி சோபாவுக்கு அடியில் விழுந்தது. குனிய முடியவில்லை. கால்கள் எங்கே இருக்கின்றன என்றே தெரியவில்லை. தலை மெத்தையில் சாய்ந்தது. அடியில் போன் அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது.

கதவு திறந்தது. அருண்குமார், டியூஷனிலிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு.

"அப்பா, அம்மா கண்ணத் தொறந்துட்டே தூங்குது."

"டயர்டா இருப்பாம்மா. சத்தம் போடாத லவினா. வா, சாப்டலாம்."

தட்டு வைக்கும் ஓசை. சட்டியில் கரண்டி உரசும் ஓசை.

வேண்டாம்.

உதடு அசையவில்லை. மூச்சு நெஞ்சைத் தாண்டவில்லை.

வேண்டாம்.

அருண்குமார் மட்டிச் சதையைச் சோற்றோடு பிசைந்தான். ஊதி ஆற்றினான்.

மகாவின் கண்ணெதிரே லவினா வாயைத் திறந்தாள்.