போலகம் ஆயிட்டான்

சுகிர்தா ஆறாம் வகுப்பு. போலகம் என்ற சிற்றூரிலிருந்து காரைக்காலில் இருக்கும் பள்ளிக்குத் தினமும் பேருந்தில் வருவாள்.

ஒரு நாள் மதியம் தமிழ் வகுப்பில் அவளுக்குக் கண் சொக்கிவிட்டது. சுவாமிநாதன் சார், "சுகிர்தா, அடுத்த பத்தியைப் படிம்மா" என்றார்.

அவள் திடுக்கிட்டு எழுந்து, "போலகம் இறங்கணுங்க" என்றாள்.

வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். அன்றைக்கு மட்டும்தான் சிரித்தாள்.

மறுநாள் விளையாடும்போது அவள் வகுப்பு ஷகீல் பந்தைப் பிடிக்காமல் கோல் விட்டான். "டேய், போலகம் ஆயிட்டான்டா" என்றார்கள். அதன்பிறகு எழுதாத பேனா போலகம். ஊசிப்போன சட்னி போலகம். டியூஷன் வழியாக அந்தச் சொல் பக்கத்திலிருக்கும் தலத்தெருவுக்குப் போய், மற்றப் பள்ளிகளுக்கும் பரவியது. பேருந்தில் யாரோ ஓர் அக்கா, "என் செல்போன் போலகம் ஆயிடுச்சுடி" என்றாள். அவளுக்குச் சுகிர்தாவைத் தெரியவே தெரியாது.

சுகிர்தாவுக்கு அலுத்துப்போனது. கோபப்படக்கூடத் தெம்பில்லை. யாராவது ஊரைக் கேட்டால், "பட்டினம் பக்கம்" என்று அடுத்த ஊரைச் சொல்லிவிட்டு நகர்ந்தாள்.

அம்மா வடிவாம்பாள், "விடுடி, தன்னால போயிடும்" என்றாள்.

"எப்பம்மா போகும்?"



ஒரு மாலை, ஒன்றாம் வகுப்புப் பூமிநாதன் பள்ளி வாசலில் அழுதுகொண்டு நின்றான். அவனுக்கும் போலகம்தான்.

"அக்கா, நம்ம ஊரு கெட்ட வார்த்தையா?"

"இல்லடா" என்று அவன் மூக்கைத் துடைத்துவிட்டாள். வழியெல்லாம் யோசித்தாள். போன வருடம் எல்லோரும் நன்றாக இருக்கும் எதைப் பார்த்தாலும் "டொப்பு" என்றார்கள். விளையாட்டு விழாவில் பி.டி. சார் மைக்கைப் பிடித்து, "டொப்பா ஓடுங்க பசங்களா" என்றார். அதோடு அந்தச் சொல்லை யாரும் தொடவில்லை.

மறுநாள் காலை சுவாமிநாதன் சாரிடம் போனாள்.

"சார், நீங்களும் போலகம் ஆயிடுச்சுன்னு சொல்லுங்க."

"நான் எதுக்கும்மா? அது உன்னைக் கேலி பண்றதுல்ல?"

"நீங்க சொன்னா அவங்க விட்டுருவாங்க சார். இல்லன்னா பூமிநாதன் தினம் அழுவான்."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவ்வளவு பழசாயிட்டேனா நான்?"

சுகிர்தா மரியாதைக்காகத் தரையைப் பார்த்தாள்.

முதல் பாடவேளையில் மின்விசிறி நின்றது. "அடடே, ஃபேன் போலகம் ஆயிடுச்சே" என்றார் சார். வகுப்பில் சத்தமே இல்லை. "என்ன ஷகீல், வீட்டுப்பாடம் போலகமா?" ஷகீல் முகத்தைச் சுளித்தான்.

இடைவேளையில் ஒருவன் அந்தச் சொல்லை எடுத்ததும், "சார் மாதிரி பேசாதடா" என்று ஷகீலே அடக்கினான்.

வாரம் முடிவதற்குள் பள்ளியில் அந்தச் சொல் ஓய்ந்துவிட்டது. பூமிநாதனிடம் அவன் டீச்சர் ஊரைக் கேட்டாராம். சொன்னானாம். ஒருவரும் சிரிக்கவில்லையாம்.

சுகிர்தா மீண்டும் சாரிடம் போனாள். "போதும் சார், நிறுத்திடுங்க."

"நானும் பாக்குறேம்மா, வாயில ஒட்டிக்கிச்சு" என்றார் சார், களைத்துப்போன குரலில். "நேத்து வீட்டுல, ரசம் போலகம்னு சொல்லிட்டேன்."

"அதனால என்ன சார்?"

"என் வீட்டுக்காரம்மா பொறந்த ஊரே போலகம்தாம்மா. இன்னிக்கு எனக்குச் சாப்பாடு வரல."

சுகிர்தா தன் டப்பாவிலிருந்து பாதித் தயிர்ச்சோற்றை அவருக்கு எடுத்து வைத்தாள்.