இருபதும் தப்பு

"அய்யோ... கொன்னுட்டாங்களே!"

பாபநாசத்தை ஒட்டிய வயலில் வானதியின் அலறல் கேட்டு நடவு ஆட்கள் ஓடி வந்தார்கள்.

மோட்டார் கொட்டகைக்குள் அவள் கணவன் திருமுருகன் கிடந்தான். மண்டை பிளந்திருந்தது. ரத்தம் வாசலைத் தாண்டி வாய்க்காலுக்கு வழிந்திருந்தது. பக்கத்தில் கடப்பாரை!

இரண்டடி தள்ளி அவன் தம்பி ராம்கி. நெற்றி கிழிந்து மயங்கிக் கிடந்தான்.

மூச்சு இருந்தது.

மூன்றாம் நாள். தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி.

"யாரு அடிச்சா, ராம்கி? அவர் கடைசியா என்ன சொன்னாரு?"

"எதுவுமே ஞாபகம் இல்ல அண்ணி... வெளிச்சம் பட்டாலே தலை வெடிக்குது..."

வானதி எழுந்து ஜன்னல் திரையை இழுத்து விட்டாள்.

வராந்தாவில் இன்ஸ்பெக்டர் சாவித்திரி, டாக்டர் சபிஹாவை மடக்கினார். தலையில் அடிபட்டவர்களை வருஷக்கணக்கில் கவனித்து ஆராய்கிறவர் சபிஹா.

"ஸ்கேன்ல ஒண்ணுமில்லையாமே? அப்ப நடிக்கிறான்!"

"மூளை குலுங்கினது ஸ்கேன்ல தெரியணும்னு இல்ல மேடம். அடிபட்டு ரெண்டு வருஷமாகியும் பெத்த புள்ள பேரை மறக்கிறவங்க என்கிட்ட வர்றாங்க. வீட்ல 'நடிக்காதடி'ன்னு அறை விழுது. நீங்களும் அதையே சொல்லாதீங்க!"

"சரி, நிரூபிங்க."

சபிஹா உள்ளே போனார். சாவித்திரியும் பின்னாலேயே வந்து கட்டிலருகே நின்றார். ராம்கிக்கு இருபது படங்கள் காட்டினார். மாடு... குடை... படகு...

பிறகு ஜோடி ஜோடியாக நீட்டினார்.

"ஒண்ணு இப்பப் பார்த்தது. ஒண்ணு புதுசு. பார்த்தது எது?"

ராம்கி முனகிக்கொண்டே, தடுமாறித் தடுமாறி விரல் வைத்தான்.

முடிந்தது. சபிஹா குறித்துவைத்த தாளை இன்னொரு முறை எண்ணினார்.

"எத்தனை சரி டாக்டர்?" என்றார் சாவித்திரி.

"ஒண்ணுகூட இல்ல."

"பாவம்..." என்றாள் வானதி.

"பாவமில்லம்மா. சுத்தமா மறந்தவங்ககூட குருட்டாம்போக்குல பாதிக்குப் பக்கமா சரியா தொட்டுடுவாங்க. இருபதையும் தப்பா சொல்லணும்னா... இருபதும் நல்லா ஞாபகம் இருக்கணும்!"

வானதி மெல்லத் திரும்பினாள்.

"ராம்கி... நீயா?"

அவன் கட்டிலிலிருந்து பாய்ந்தான். க்ளூகோஸ் ஸ்டாண்டைப் பிடுங்கிச் சுழற்றினான். சாவித்திரியின் தோளெலும்பு நொறுங்கியது!

"ஆமா, நான்தான்! கூட்டுப் பட்டா... என் பங்கை விக்கக் கையெழுத்து போடமாட்டேன்னான்! கடப்பாரையால ஒரே போடு! அப்புறம் நானே சுவத்துல முட்டிக்கிட்டேன். கடைசியா என்ன சொன்னான்னுதானே கேட்டே? 'தம்பி'ன்னான்... என் காலைப் பிடிச்சுக்கிட்டு!"

வானதி அவன் முகத்தைப் பிறாண்டினாள். அவன் கைகள் அவள் கழுத்தை நெரித்தன. அவள் விழிகள் பிதுங்கின...

சாவித்திரியின் பூட்ஸ் அவன் முழங்காலில் இறங்கியது.

மடக்!

சரிந்தவனின் பின்மண்டை இரும்புக் கட்டிலில் மோதியது. தரையெல்லாம் ரத்தம்!

அரை மணி நேரம் கழித்துக் கண் திறந்தான்.

"அண்ணி... அண்ணன் எங்க? வயலுக்குத் தண்ணி பாய்ச்சிட்டாரா?"

வானதி வாயைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினாள்.

சபிஹா நெடுநேரம் சோதித்துவிட்டு நிமிர்ந்தார்.

"மேடம்... இந்தத் தடவை நடிப்பில்ல. அண்ணனைக் கொன்னது, இப்ப ஒத்துக்கிட்டது... எல்லாமே போச்சு!"

சாவித்திரி உடைந்த தோளைப் பிடித்துக்கொண்டு, மற்ற கையால் அவனுக்கு விலங்கு மாட்டினார்.

"கவலைப்படாதீங்க டாக்டர்... இவன் மறந்ததை எல்லாம் ஜட்ஜ் தீர்ப்புல நிறுத்தி நிதானமா படிச்சுக் காட்டுவாரு!"