லூயிஷாம் குட்டையின் கடைசி நத்தை

மனித அறிவின் வரலாற்றில் பொன்னெழுத்தால் பொறிக்கத்தக்க அறிவிப்பு: விக்டோரியா மகாராணி காலத்தில் தோன்றிய லண்டன் லூயிஷாம் குட்டைநீர் ஆராய்ச்சிக் கழகம், தன் ஆண்டு நடவடிக்கைகள் அனைத்தையும் இவ்வாண்டும் வழுவாமல் நடத்தி முடித்தது. வசந்தத்தில் குட்டைச் சுற்றுலா, கோடையில் கண்காட்சி, இலையுதிர்காலத்தில் தலைவர் பேருரை, மாரியில் விருந்து என்பது மரபு. உறுப்பினர் மூன்று பேராகிவிட்டதால் நான்கையும் ஒரே சனிக்கிழமையில் முடித்தார்கள். கடைசி ஆங்கிலேய உறுப்பினர் சென்ற வருடம் ஸ்பெயினுக்குக் குடிபோய்விட்டார். வெயில் வேண்டுமாம்.

ஞாயிறு பூசை முடிந்த கையோடு கழகச் செயலாளர் மேரிசாந்தி, துப்பறிவாளர் அருமைநாயகியின் அறைக்குப் படியேறி வந்தார். அருமைநாயகி பெரும்பாலும் காணாமற்போன மாப்பிள்ளைகளைத் தேடுபவர். ஆகவே எதற்கும் அவசரப்பட மாட்டார். அவசரமெல்லாம் அவருடைய உதவியாளரான சித்தி மகன் றொனால்டுக்குத்தான். அவன் அதற்குள் பூதக்கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கியிருந்தான்.

“அக்கா, நத்தையைக் காணேல்லை.”

“நத்தையோ?” கொலையை எதிர்பார்த்திருந்த றொனால்டின் முகம் விழுந்தது.

“கடுகளவு நத்தை. உலகத்திலேயே எங்கட குட்டையில மட்டும்தான் இருந்தது. நூறு வருசமா ஒருத்தரும் காணேல்லை. நேற்றுக் காலமை ஒண்டு அம்பிட்டுது. நாளைக்குக் கவுன்சில் ஆள் வாறார். உயிரோட காட்டினால் குட்டை தப்பும். இல்லாட்டி மூடிப்போட்டு ஃபிளாட் கட்டுவினம்.”

“வேற ஒண்டு பிடிக்க ஏலாதோ?” என்றான் றொனால்ட்.

“நேற்றே சுத்திவர வேலி அடைச்சுப் போட்டாங்கள்.”

“எங்க வைச்சனீங்கள்?” என்றார் அருமைநாயகி.

“நான் குசினியில சமைச்சுக்கொண்டு நிண்டனான். ‘நத்தையைத் தண்ணியோட கோப்பையில விடுங்கோ’ எண்டு தலைவரிட்டைக் கத்திச் சொன்னனான். விருந்து முடிஞ்சு பாத்தால் கோப்பை காய்ஞ்சு கிடக்குது.”

மூன்றாவது உறுப்பினரான யாழ்ப்பாணத்து ஹரிசனுக்கு, குட்டையை மூடப்போகும் கம்பனியில்தான் வேலை என்று தெரிந்ததும் றொனால்ட் துள்ளினான். “ஆள் அம்பிட்டான்!”

“இரு தம்பி. மேரிசாந்தி, கோப்பையில இன்னும் ரண்டு றோல்ஸ் கிடக்கு. எடுங்கோ.”

பின்னேரம், விருந்து நடந்த ஆலய மண்டபத்தில் எல்லோரும் கூடினார்கள். தலைவர் யுவனேஸ்வரன் மலேசியாவின் ஈப்போவிலிருந்து படிக்க வந்து தங்கிவிட்டவர். இரண்டு ஓட்டுப் பெற்றுத் தலைவரானவர். அதில் ஒன்று அவருடையது. பதவிச் சங்கிலியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே விசாரணைக்கு வந்திருந்தார்.

“ஆமா, கோப்பையிலதான் விட்டேன். என் கையாலயே. அப்புறம் என் பேருரை. அப்புறம் நிறுவனர் நினைவுக்குக் கடைசித் துளிவரைக்கும் ஒரே மூச்சுல குடிச்சேன். முன்னெல்லாம் ஒயின். இப்ப ஜிஞ்சர் பியர். அதுலயும் தரமில்ல. இஞ்சித் துணுக்கு பல்லுல நொறுங்குது!”

ஹரிசன் தலை நிமிரவில்லை. “நான் போத்தலைத் திறந்து ஊத்தினது மட்டும்தான். பாத்திரத்தின்ர அடியில கொஞ்சம் தண்ணி கிடந்தது. கழுவின தண்ணி எண்டு நினைச்சன். சம்பளம் கம்பனிதான் தருது, ஓம். ஆனா என்ர மகள் முதன்முதல் தவளை முட்டை பாத்தது அந்தக் குட்டையிலதான்.”

அருமைநாயகி அலுமாரியிலிருந்து, தலைவர் குடித்த வெள்ளிப் பாத்திரத்தை எடுத்துத் தூக்கிப் பிடித்தார்.

“இதுக்கு என்ன பேர்?”

“கிண்ணம்,” என்றார் மேரிசாந்தி.

“கோப்பை. வேற என்ன?” என்றார் தலைவர்.

அடுத்து, மேசையிலிருந்த தட்டை எடுத்துக் காட்டினார்.

“கோப்பை,” என்றார் மேரிசாந்தி.

“தட்டு,” என்ற தலைவரின் குரல் பாதியில் நின்றது.

“களவு ஒண்டும் நடக்கேல்லை,” என்றார் அருமைநாயகி. “இவ தன்ர கோப்பையில விடச் சொன்னவ, அவர் தன்ர கோப்பையில விட்டவர். ரண்டுபேரும் உண்மைதான் சொல்லியிருக்கினம். இவவின்ர கோப்பை காய்ஞ்சு கிடந்ததெண்டால், அதில ஒருத்தரும் தண்ணி விடேல்லை. அவற்ற கோப்பையில தண்ணி இருந்தது. அதுக்கு மேலதான் ஜிஞ்சர் பியர் ஊத்தினது. போத்தல் ஜிஞ்சர் பியரில இஞ்சித் துணுக்கு இராது, தலைவர்.”

தலைவரின் கை சங்கிலியைத் தாண்டி வயிற்றுக்குப் போனது. “பேருரை முடியறதுக்குள்ள நத்தையை யாராச்சும் எடுத்திருப்பாங்கன்னு...”

“அக்கா, உடன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால்...” என்று றொனால்ட் எழுந்தான்.

“உயிரோட வேணுமாம், தம்பி.”

மேரிசாந்தி தட்டைப் பார்த்தபடியே உட்கார்ந்துவிட்டார். ஹரிசன் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு தலைவர் தொண்டையைச் செருமினார்.

“அந்த உயிரினத்தைக் கடைசியா அவதானிச்சவர் தலைவர்னு கூட்டக் குறிப்புல பதிவு செய்யணும்.”

மேரிசாந்தி பேனாவை எடுக்கவில்லை.

திங்கட்கிழமை கவுன்சில் ஆள் வந்தார். காட்ட ஒன்றும் இல்லை. குட்டையை மூடிவிட்டார்கள்.