ஜெபமாலையின் பத்தாவது மணி

முற்றத்தில் ஒரு கோழி செத்துக் கிடந்தது. அதன் மார்பில் சின்ன ஓட்டை. மற்றக் கோழிகள் பக்கத்திலேயே நிம்மதியாகக் கொத்தித் தின்றுகொண்டிருந்ததை மார்கிரெட் கவனித்தாள். வெடிச்சத்தம் கேட்டிருந்தால் அவை ஓடியிருக்க வேண்டும்.

அன்று காலையில்தான் பாட்டனாரின் டிரங்குப் பெட்டியிலிருந்து கொழுந்தன் ஆன்சன் ஒரு கறுப்புக் குழலை எடுத்தான். சைக்கிள் பம்பு என்றார் அவள் கணவர் கிரகோரி.

“பம்பு இல்ல அண்ணா. யுத்தத்துல ஒளிஞ்சு கொல்லுததுக்குச் செஞ்ச தோக்காக்கும். சத்தம் வராது.”

“துப்பாக்கியா? போலே, துருப்பிடிச்ச சாமானம்” என்று கிரகோரி சிரித்தார்.

மத்தியானம் ஆன்சன் குடித்துவிட்டு வந்து தன் மனைவி ஷைனாவின் உதட்டைக் கிழித்தான். “நாளைக்கு நீ வீட்டவிட்டு எறங்கணும்” என்றாள் மார்கிரெட். “ஜெபம் முடியட்டு மைனி” என்றான் அவன்.

இப்போது கோழியைப் பற்றிச் சொல்ல உள்ளே ஓடினாள். கிரகோரி மெழுகுதிரி ஏற்றி முழங்காலில் நின்றுவிட்டார். அந்த வீட்டில் ஜெபத்துக்கு இடையில் யாரும் பேசுவதில்லை, திரும்பிப் பார்ப்பதுமில்லை. முடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று முன்னால் முழங்காலிட்டு ஜெபமாலையைத் தொடங்கினாள். பின்னால் கிரகோரியும் ஷைனாவும், கதவோரம் ஆன்சன். பக்கத்தில் மகள் ஸ்டெஃபி. முதல் நற்கருணை வாங்கப் புதுநன்மைக்குப் படிக்கிறவள், ஒரு மணிகூடத் தப்பவிட மாட்டாள்.

முதல் பத்து மணியும் முடிந்து, ‘பிதாவுக்கும் சுதனுக்கும்’ சொன்னபோது பின்னால் தலையணையைத் தட்டியதுபோல் ஒரு சத்தம். அடுத்த மணியில் கிரகோரியின் கனத்த குரல் இல்லை. மீன்பிடிக்கப் போய் மூன்று நாள் கடலில் கிடந்தவர், தூங்கிவிட்டார் என்று நினைத்தாள். மெழுகு வாசனையோடு ஏதோ கரிந்த வாசனையும் வந்தது.

இரண்டாம் பத்து முடிந்தது. மறுபடி அதே தட்டல். ஷைனாவின் குரல் நின்றது.

மார்கிரெட்டின் முழங்காலுக்கடியில் சேலை நனைந்தது. சூடாக.

திரு இருதயப் படத்தின் கண்ணாடியில் பார்த்தாள். தரையில் இரண்டு பேர். சாத்திய கதவில் சாய்ந்து, அடுத்த தோட்டாவுக்காகக் குழலின் பின்முனையைத் திருகிக்கொண்டே, ஆன்சன் பக்தியோடு பதில் சொல்லிக்கொண்டிருந்தான்.

பத்து முடிந்தால்தான் சுடுகிறான்.

எட்டு. ஒன்பது. பத்து. அவள் நிறுத்தவில்லை. பதினொன்று. பன்னிரண்டு. சொல்லிக்கொண்டே இருந்தால் பிள்ளை பிழைக்கும். பதிமூன்று.

ஸ்டெஃபி சேலையைப் பிடித்து இழுத்தாள்.

“அம்மா, பத்து எப்பவே கழிஞ்சு.”

மார்கிரெட் அவள் வாயைப் பொத்தக் கையை நீட்டுவதற்குள், குழந்தை கண்களை இறுக மூடிக்கொண்டு, கணீரென்று தானே தொடங்கினாள்.

“பிதாவுக்கும்...”

கண்ணாடியில் குழல் உயர்ந்தது.