அறுநூற்றுப் பன்னிரண்டாம் சேனல்

அமராவதி முதல் கவளத்தை உருட்டுவதற்கு முன்பே குழந்தை மென்றுகொண்டிருந்தாள்.

மூன்று வயது பூங்குழலி டிவி ஓடினால்தான் வாயைத் திறப்பாள். எந்த வீட்டுப் பிள்ளைதான் இப்போது அப்படியில்லை! ராயபுரத்து வாடகை வீட்டில் கேபிளைக் கழற்றிவிட்டு, நெட் வழியாக எல்லாச் சேனலும் நேரலையாக வரும் சந்தா ஒன்றைப் போன வாரம்தான் அமராவதியின் கணவன் அருள்செல்வன் போட்டிருந்தான். எண்ணூறு சேனல். பெயரே இல்லாத அறுநூற்றுப் பன்னிரண்டைத்தான் குழந்தை பிடித்துக்கொண்டாள். ஓர் எவர்சில்வர் தட்டு, அதில் சோறு பிசையும் ஒரு பெண்ணின் கை. அவ்வளவுதான், முகத்தைக் காட்டவே மாட்டார்கள். எடை இனியும் குறைந்தால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பனியன் கம்பெனியில் நாளெல்லாம் நின்றுவிட்டு வருகிற அமராவதிக்கு, எதைப் பார்த்தாவது பிள்ளை தின்றால் சரி என்றிருந்தது.

இந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் உற்றுப் பார்த்தாள். பக்கத்துப் பவர்டேபிள் தையல் கூடத்தில் லீவு நாளிலும் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. நகக்கண்ணில் கறுப்பு அப்பி, தண்ணீரில் ஊறி வெளுத்த அந்த விரல்கள், சாம்பல் நிறத்தில் கொழகொழவென்றிருந்த சோற்றை நிதானமாக, பிரியமாகக்கூட, உருட்டின. கவளம் திரைக்கு வெளியே போகும்போதெல்லாம் பூங்குழலி ஆவென்று வாயைத் திறந்தாள், மூடினாள், மென்றாள். ஊசிப்போன சோற்றின் புளித்த வாடை அடித்தது. அமராவதி தன் தட்டை முகர்ந்து பார்த்தாள். அதில் ரசம்தான் மணத்தது.

“ஒரு வாய் வாங்கிக்க கண்ணு.”

“வேண்டாம்மா. அந்தம்மா ஊட்டிவுட்டாங்க. வயிறு ரொம்பிருச்சு.”

வாடை குழந்தையின் வாயிலிருந்துதான் வந்தது. சீ! அமராவதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெற்ற பிள்ளையைப் பார்த்தா அருவருப்புப் படுகிறோம் என்று அழுகையும் வந்தது. பிளக்கைப் பிடுங்கினாள். திரை இருண்டது. பூங்குழலி ஆவென்று திறந்தாள். மூடினாள். மென்றாள்.

ஓவர்டைமில் இருந்த அருள்செல்வனுக்குப் போன் போட்டு, அந்தச் சந்தாவை இப்போதே நிறுத்தச் சொன்னாள்.

“அது மூணு நாள் ட்ரையல்தானே அமராவதி. வியாழக்கிழமையே நின்னு போச்சே.”

போனைக் கீழே போட்டாள். குழந்தையின் தாடையைப் பிடித்தாள். நாக்கின் மேல் சாம்பல் சோறு. விரலை விட்டு வழித்தாள். சோற்றோடு ஒரு நரைமுடி வந்தது. இழுத்தாள். ஒரு முழம். இரண்டு முழம். தொண்டைக்குள்ளிருந்து, எச்சில் சொட்டச் சொட்ட, வந்துகொண்டே இருந்தது. குழந்தை ஓங்கரித்தாள்.

முழுதாக இழுத்திருக்க வேண்டும். ஆனால் அவள் கம்பெனியில் தைத்த துணியைப் பார்த்துப் பிசிறு வெட்டும் செக்கிங்கில் இருப்பவள். பனியனில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை இழுத்தால் தையல் ஓடிவிடும், ஒட்ட வெட்டத்தான் வேண்டும் என்று ஆறு வருடம் பழகிய கை. ஜன்னலில் கிடந்த நூல் வெட்டும் டிரிம்மரை அந்தக் கை தானாக எடுத்தது. பல்லோரம் ஒட்ட வெட்டியது.

மிச்சம் உள்ளே போனது.

டிவித் திரை மறுபடி ஒளிர்ந்தது. பிளக் அவள் காலடியில் கிடந்தது. தட்டு இல்லை. சோறு இல்லை. அந்தக் கை மட்டும். விரலிடுக்கில், வெட்டுப்பட்ட முடியின் நுனி.

கை அதை மெல்ல இழுத்தது.

பூங்குழலியின் நாக்கு மடிந்து தொண்டைக்குள் போனது. அடுத்துக் கீழுதடு. பிறகு கன்னங்கள் இரண்டும்.